இருமத் தெரியாத இயந்திரம்

2020 ஆகஸ்டில் நாமெல்லோரும் மருத்துவ அறிக்கை வாசிக்கப் பழகிக்கொண்டோம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் 5ஆம் தேதி கொரோனா தொற்றோடு சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்தார். லேசான தொற்றுதான், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அவரே வீடியோவில் சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்து ஐசியூ. அதன் பிறகு வந்த அறிக்கைகளில் கொவிட் நிமோனியா, வென்டிலேட்டர், எக்மோ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. செப்டம்பர் வாக்கில் இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது. நினைவோடு இருக்கிறார், பிசியோதெரபியில் ஒத்துழைக்கிறார் என்றார்கள்.

எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒருவன் கேட்டான்: "வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்கு என்னடா பிசியோதெரபி? முழங்கால் வலிக்கா?" குழுவில் பத்துப் பதினைந்து இன்ஜினியர்கள் இருந்தோம். யாரும் பதில் சொல்லவில்லை.

இதே சொல் அதற்கு நான்கு வருடம் முன்பும் நம் காதில் விழுந்தது. ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 அன்று அப்போலோவில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் மாத அறிக்கைகள் சுவாச உதவி பற்றியும் நுரையீரலில் தேங்கியதைக் குறைக்கும் சிகிச்சை பற்றியும் பேசின, கூடவே பிசியோதெரபி பற்றியும். சிங்கப்பூரிலிருந்து பிசியோதெரபிஸ்டுகள் வந்திருக்கிறார்கள் என்று செய்தி ஓடியது. கைகாலை அசைத்துவிடுவாங்களா இருக்கும் என்று டீக்கடையில் விளக்கம் சொன்னார்கள். அது பாதி சரி. மீதிப் பாதி நெஞ்சுக்கானது. நூற்றிச் சொச்சம் வருட வரலாறு உள்ள அந்த மீதிப் பாதியைப் பற்றியது இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், வென்டிலேட்டருக்கு மூச்சைத் தள்ளத் தெரியும், இருமத் தெரியாது. அதன் சார்பில் இருமுவதற்கு எப்போதும் ஒரு மனிதர் தேவைப்பட்டிருக்கிறார்.

*

முதலில் இருமலைப் புரிந்துகொள்வோம். நுரையீரல் தலைகீழாக வளர்ந்த மரம் மாதிரி. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது, அவை மறுபடி இரண்டாகப் பிரிகின்றன. இப்படி ஏறக்குறைய 23 முறை பிரிந்த பிறகு காற்று நுண்ணறைகள் வருகின்றன. இந்தக் கிளைகளின் உட்சுவர் முழுக்கக் கோழைப் படலம். அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் தொண்டையை நோக்கி ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. உள்ளே போன தூசி, கிருமி எல்லாம் கோழையில் ஒட்டி மேலே வரும். வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். உடம்பு நன்றாக இருக்கும்போது இந்தப் போக்குவரத்து நமக்குத் தெரிவதே இல்லை.

நிமோனியாவில் காற்றறைகள் நீராலும் சீழாலும் நிரம்புகின்றன. கோழை கெட்டிப்படுகிறது. நுண்மயிர்களால் மட்டும் அதை நகர்த்த முடியாது. அப்போது இருமல் வேலைக்கு வருகிறது. ஆழமாக மூச்சை இழுத்து, குரல்நாண்களை இறுக மூடி, மார்புத் தசையும் வயிற்றுத் தசையும் சேர்ந்து அழுத்தி, சட்டென்று திறந்துவிடுவது. மூடாமல் இரும முடியாது. வாயைத் திறந்து, தொண்டையையும் திறந்து வைத்துக்கொண்டு இருமிப் பாருங்கள், வெறும் காற்றுதான் வரும்.

பாட்டும் அதே கதவில்தான் பிறக்கிறது. வரும் மூச்சுக்குக் குரல்நாண்கள் குறுக்கே நின்று அதிர்வதுதான் குரல். கேளடி கண்மணி (1990) படத்தில் மூச்சே விடாமல் பாடியதுபோல் ஒலிக்கும் அந்தப் பாட்டை எஸ்.பி.பி. பாடியபோது அந்தக் கதவின் மேல் அவருக்கு எவ்வளவு ஆட்சி இருந்தது என்று யோசியுங்கள். வென்டிலேட்டரின் குழாயை வாய் வழியாக இறக்கினால் அது நேராகக் குரல்நாண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. கதவு இனி மூடாது. பேச்சு, பாட்டு, இருமல் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். தொண்டைக்குழியில் துளையிட்டு வைக்கும் குழாயில் கதவு தப்பிக்கிறது, ஆனால் காற்று அந்தக் கதவுக்கு வராமல் கீழேயே திரும்பிவிடுகிறது. அந்த நாட்களில் அப்பா எழுதிக் காட்டித்தான் பேசுகிறார் என்று அவருடைய மகன் சரண் சொன்னது நினைவிருக்கலாம்.

இதோடு முடியவில்லை. மயக்க மருந்து இரும வேண்டும் என்ற தூண்டுதலையே மங்க வைக்கிறது. மல்லாந்தே கிடப்பதால் கோழை நுரையீரலின் பின்பக்கம் போய்த் தேங்குகிறது. குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் ஊதி வைத்திருப்பார்கள். வாயில் ஊறும் எச்சில் அதற்கு மேலே குளம்போலச் சேர்ந்து, ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். வென்டிலேட்டரில் 48 மணி நேரம் தாண்டிய பிறகு இப்படி வரும் புது நிமோனியாவுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா. நிமோனியாவுக்காக வைத்த குழாயே இரண்டாவது நிமோனியாவுக்கு வழியாகலாம். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது சட்டென்று புரியும். உள்ளே போவதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. வெளியே வர வேண்டியதை யார் பார்ப்பது என்று அந்த வடிவமைப்பில் எழுதப்படவில்லை.

*

வெளியே வர வேண்டியதைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் வென்டிலேட்டர் பிறப்பதற்கு முன்பே இருந்தார்கள். 1901இல் லண்டன் மருத்துவர் வில்லியம் யூவார்ட், மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். அவர் சொன்ன வைத்தியத்துக்கு மருந்தே வேண்டாம். எந்தக் கிளையில் சளி இருக்கிறதோ அந்தக் கிளையின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஆளைச் சாய்த்துக் கிடத்துங்கள், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். பாட்டிலில் ஒட்டிய தேனைக் கவிழ்த்து வைத்து இறக்குவது போலத்தான்.

சாய்த்துக் கிடத்தவும் தட்டிவிடவும் ஒரு தொழில்கூட்டம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1894இல் லண்டனில் நான்கு நர்சுகள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ்காரர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடக்கிறது என்ற பேச்சு பரவியிருந்த காலம். உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்ப்பது கௌரவமான வேலைதான் என்று நிரூபிப்பது அவர்களுடைய முதல் போராட்டமாக இருந்தது. பிரிட்டிஷ் பிசியோதெரபி அந்தச் சங்கத்திலிருந்து கிளைத்தது.

முதல் உலகப் போர் இதை வேகப்படுத்தியது. நுரையீரலில் குண்டு பாய்ந்து தப்பித்த சிப்பாய்களுக்கான மூச்சுப் பயிற்சிகளைப் பற்றி மக்மஹோன் என்பவர் 1915இல் எழுதினார். 1934இல் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் வினிஃப்ரெட் லின்டன், நெஞ்சு அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சிகளைக் கொடுக்கத் தொடங்கினார். ஆன்டிபயாடிக் பரவலாகக் கிடைக்காத காலம் அது. தேங்கிய சளியை வெளியேற்றுவதே பெரிய சிகிச்சையாக இருந்தது.

*

இயந்திரமும் கையும் நேருக்கு நேர் சந்தித்த இடம் கோபன்ஹேகன். 1952.

அதற்கு முன்பு மூச்சு நின்ற போலியோ நோயாளிக்கு இருந்தது இரும்பு நுரையீரல். 1928இல் பாஸ்டனில் டிரிங்கரும் ஷாவும் செய்து முடித்த பெரிய உருளை. கழுத்துக்குக் கீழே முழு உடம்பும் உள்ளே இருக்கும். உருளைக்குள் காற்றழுத்தத்தை மாற்றி மாற்றி மார்பை விரிய வைக்கும். தொண்டைத் தசைகளும் செயலிழந்த நோயாளிகளுக்கு அது உதவவில்லை. அவர்களால் விழுங்க முடியாது, இரும முடியாது. இயந்திரம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சோடும் எச்சிலும் கோழையும் உள்ளே போகும். போதாததற்கு, உருளைக்குள் இருப்பவரின் மார்பில் கை வைப்பதே கஷ்டம்.

அந்த வருடம் பிளெக்டாம் மருத்துவமனைக்கு அலை அலையாகப் போலியோ நோயாளிகள் வந்தார்கள். முதல் சில வாரங்களில் சுவாசம் முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். தலைமை மருத்துவர் லாசென், வேறு வழியில்லாமல் பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணரைக் கூப்பிட்டார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இப்சென் தொண்டைக்குழியில் துளையிட்டுக் குழாய் வைத்து, தேங்கியதை உறிஞ்சி எடுத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். பிழைக்க மாட்டாள் என்று நினைத்த பெண் பிழைத்தாள்.

அந்த ஒரு பெண்ணுக்குச் செய்ததை அத்தனை பேருக்கும் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் 70 பேருக்குக்கூட மூச்சு கொடுக்க வேண்டி வந்தது. அதற்கு இயந்திரம் இல்லை, ஆனால் ஊரில் மருத்துவ மாணவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய 1500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, மொத்தம் சுமார் 1,65,000 மணி நேரம் பையை அமுக்கினார்கள். கூடவே உறிஞ்சி எடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நடந்தது. பத்தில் ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நான்கில் ஒன்று என்ற அளவுக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு இங்கிருந்துதான் தொடங்கியது என்று மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள்.

அதன் பிறகு மாணவர்களின் கைக்குப் பதிலாக மோட்டார் வந்தது. அமுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனது. உறிஞ்சும் வேலையும் திருப்பும் வேலையும் போகவில்லை. அவை கையிடமே தங்கிவிட்டன. 1968இல் ஒரு பிசியோதெரபி இதழில் பை அமுக்கும் முறை என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. வென்டிலேட்டரைக் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டு, ஒருவர் பையை மெதுவாக அமுக்கி நுரையீரலை நன்றாக விரித்து, சட்டென்று விடுவார். விடும் நேரம் பார்த்து இன்னொருவர் இரு கையாலும் நெஞ்சை அதிர வைத்து அழுத்துவார். ஆழமாக இழுத்து வேகமாக வெளியே விடுவது. இருமலின் நடையை இரண்டு பேர் பங்குபோட்டு நடித்துக் காட்டுகிறார்கள்.

நம் ஊரிலும் இந்தத் தொழிலைக் கொண்டுவந்தது போலியோதான். கோபன்ஹேகன் தவித்த அதே 1952இல் பம்பாயிலும் போலியோ பரவியது. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. முடங்கிய காலுக்காக வந்த படிப்பு, பிறகு மெதுவாக நெஞ்சுக்கும் வந்து சேர்ந்தது.

*

நான் இதை நேரில் பார்த்தது 2022இல். அன்னவாசல் பக்கம் எங்கள் பெரியப்பா. வயது எழுபதுக்கு மேல், பீடி விட்டுப் பத்து வருடமாகிறது. காய்ச்சல் என்று படுத்தவர் மூன்றாம் நாள் மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டருக்குப் போய்விட்டார். கொரோனா இல்லை, சாதாரண நிமோனியா. சாதாரணம் என்பது பெயரில்தான்.

கண்ணாடி வழியாக ஐசியூவைப் பார்க்க விட்டார்கள். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் வந்தார், பிசியோதெரபிஸ்ட். முதலில் உள்ளங்கையைப் பெரியப்பாவின் நெஞ்சில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு நர்சும் அவரும் சேர்ந்து அவரை இடப்பக்கமாகப் புரட்டினார்கள். வலது விலாவில் குவித்த கையால் தட்டினார். கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வெளியே வரும் நேரம் மட்டும் கையை வைத்து அதிர வைத்தார். கடைசியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினார்கள். பழுப்பும் மஞ்சளுமாக வந்தது.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏந்தம்பி, பேச்சு மூச்சில்லாம கெடக்குற மனுசன ஏன் போட்டு இப்புடி அடிக்கிறாக?" என்றார். அந்தப் பெண் வெளியே வந்ததும் அவரிடமே கேட்டேன். "அடிக்கலம்மா. உள்ள ஒட்டியிருக்கிறத அசைச்சு விடுறோம். அவரால இரும முடியாதுல்ல, அதான் நாங்க இருமுறோம்." பெரியம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் கையை வைத்துக்கொண்டு ஏன் நின்றீர்கள்? "எந்தப் பக்கம் கரகரன்னு இருக்குன்னு கைக்குத் தெரியும் சார்."

அவர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்தார். ஆறு மணிக்கு மேல் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. இரவில் பெரியப்பாவைப் புரட்ட வேண்டுமென்றால் ட்யூட்டி நர்ஸ் ஒருவரே வேறொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்கு இன்னும் ஐந்து கட்டில்கள் இருந்தன. எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. விசாரித்தவரையில் நண்பர்கள் சொன்ன கதைகளும் இதே மாதிரிதான் இருந்தன.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்வை நேரம் முடிந்த பிறகு பெரியம்மாவை ஊரில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும் வழியில் சித்தன்னவாசலில் வண்டியை நிறுத்தினேன். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவாக வந்த இடம்தான். அப்போது தாமரைக் குளத்து ஓவியத்தை மட்டும் காட்டிக் கூட்டிப்போய்விட்டார்கள். இந்த முறை ஏழடிப்பட்டத்துக்கு ஏறினேன்.

பாறையின் இடுக்கில் இயற்கையான குகை. தரையில் 17 கல் படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்த இடம். ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கல்லையே உயர்த்தி, தலையணை மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது என்று சொல்கிறார்கள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் சாரம். படுத்தவர் யார், படுக்கை செய்தவர் யார் என்று இரண்டு பேரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே படுத்தவர்களில் உணவை விட்டு, மெல்ல மூச்சையும் விட்டவர்கள் இருந்திருக்கலாம். சமண மரபில் அதற்கு இடம் உண்டு. ஐசியூ கட்டிலின் நோக்கம் நேர் எதிர். ஆனால் என் கண் அந்தத் தலைமாட்டிலேயே நின்றது. 1999இல் பார்சலோனா மருத்துவர்கள் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வென்டிலேட்டர் நோயாளிகளில் ஒரு பகுதியினரை மட்டமாகவும், இன்னொரு பகுதியினரைத் தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தியும் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மட்டமாகப் படுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குப் புது நிமோனியா வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. உயர்த்திப் படுத்தவர்களில் 8 சதவீதம். வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறி, அங்கிருந்து நுரையீரலுக்கு இறங்குவது குறைகிறது, அவ்வளவுதான் காரணம். மருந்து இல்லை, செலவு இல்லை. கட்டிலின் திருகைச் சுற்ற ஒரு கை வேண்டும். சரிந்து இறங்கிவிட்டாரா என்று அடிக்கடி வந்து பார்க்க ஒரு கண் வேண்டும்.

இறங்கி வந்து அறிவர் கோயிலுக்குள் போனேன். குடைவரையின் கருவறையில் நின்று வாயை மூடி மெல்ல ம்ம் என்று இசைத்தால் அறை முழுக்க அதிரும். வருகிறவர்களுக்கெல்லாம் அங்கிருப்பவர்கள் அதைச் செய்து காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள். அந்தப் பெண் கைக்குத் தெரியும் என்று சொன்னது அங்கே எனக்கு விளங்கியது. நிமோனியாவில் இறுகிப்போன நுரையீரல், காற்று நிறைந்த நுரையீரலைவிட அதிர்வை நன்றாகக் கடத்தும். கோழை தேங்கிய குழாய் ஒவ்வொரு மூச்சுக்கும் கரகரக்கும். உள்ளங்கைக்கு அது எட்டும். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே அந்தக் கை ஒரு வரைபடம் போட்டுவிடுகிறது.

*

இதுவரை படித்தவர்களுக்குக் கை என்பது ஏதோ மந்திரம்போலத் தோன்றியிருக்கலாம். வரலாறு அப்படி இல்லை. இந்தச் சிகிச்சை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கேள்வி கேட்ட நாளிலிருந்து விடைகள் மாறி மாறித்தான் வந்திருக்கின்றன.

1978இல் அமெரிக்காவில் 54 நிமோனியா நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் வென்டிலேட்டரில் இல்லாதவர்கள். நெஞ்சைத் தட்டிச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட விரைவில் குணமாகவில்லை. சொந்தமாக இரும முடிகிறவருக்கு இன்னொருவர் இரும வேண்டியதில்லை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். வென்டிலேட்டரில் இருப்பவர்களைப் பற்றி மெல்போர்னில் 2002இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. பிசியோதெரபி பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 39 சதவீதம் பேருக்கும் வென்டிலேட்டர் நிமோனியா வந்தது. நல்ல செய்தி. 2007இல் லண்டனில் 180 பேரை வைத்துச் செய்த ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. பிசியோதெரபி பெற்ற குழுவில் பாதிப் பேர் வென்டிலேட்டரிலிருந்து விடுபட 15 நாட்கள் ஆயின. பெறாத குழுவில் 11 நாட்கள். 2009இல் ஆஸ்திரேலியாவிலேயே மூளைக் காயம்பட்ட 144 பேரிடம் செய்த ஆய்வில் எந்த வித்தியாசமும் இல்லை.

இந்தியாவிலிருந்தும் ஒரு ஆய்வு உண்டு. 2010இல் பெலகாவியில் 101 பேர். பை அமுக்குவதும் உறிஞ்சுவதும் இரு குழுக்களுக்கும் பொது. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகத் திருப்பிக் கிடத்துவதும் நெஞ்சை அதிர வைப்பதும், தினம் இரண்டு முறை. அந்தக் குழுவில் இறப்பு 24 சதவீதம், மற்றதில் 49. பெரிய வித்தியாசம். ஒரே மருத்துவமனை, சின்ன எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கேள்வி கேட்டுக் கேட்டு இந்தத் தொழில் தன்னையே கத்தரித்துக்கொண்டு வந்திருக்கிறது. வழக்கமாக எல்லோருக்கும் தட்டுவது பல இடங்களில் குறைந்துவிட்டது. நிலையை மாற்றுவது நின்றுவிட்டது, அதுவும் வலுவாக. 1976இல் ஐந்தே ஐந்து நோயாளிகளைக் குப்புறக் கிடத்தி, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைக் கண்டு எழுதினார்கள். 2013இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் அதைச் சோதித்தார்கள். கடுமையாக நுரையீரல் பாதித்து வென்டிலேட்டரில் இருந்தவர்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே கிடந்தவர்களில் ஏறக்குறைய 33 சதவீதம். குப்புறப் படுக்கும்போது முதுகுப்பக்க நுரையீரல் பாரம் நீங்கி விரிகிறது, சளி வடியவும் வழி கிடைக்கிறது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் கிடைக்காமல் நாடே தவித்தபோது, வீட்டிலேயே தலையணை வைத்துக் குப்புறப் படுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் படம் போட்டுச் சொன்னதற்குப் பின்னால் இந்த வரலாறுதான் இருக்கிறது.

வென்டிலேட்டரில் இருக்கும்போதே கைகாலை அசைத்து உட்கார வைப்பதிலும் இதே கதைதான். 2009இல் அமெரிக்காவில் 104 பேரிடம் செய்த ஆய்வில், சீக்கிரம் அசைக்கத் தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டார்கள். மற்றவர்களில் 35 சதவீதம். 2022இல் 750 பேரிடம் அதையே இன்னும் தீவிரமாகச் செய்து பார்த்தபோது கூடுதல் பலன் இல்லை, இதயத் துடிப்பு தாறுமாறாவது போன்ற தொந்தரவுகள்தான் கூடின. ஆக, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது தெரிந்த கை வேண்டும். வெறும் கை போதாது.

*

2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து சுமார் 2000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்கப்படும் என்று அறிவித்தார்கள். எல்லோரும் இயந்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். எந்த மாவட்டத்துக்கு எத்தனை, எத்தனை வந்தன, எத்தனை ஓடுகின்றன. ஒரு வென்டிலேட்டருக்கு இரவு பகலாக எத்தனை கைகள் வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. பருமனான ஒருவரைக் குழாய்களோடு குப்புறத் திருப்ப நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் தலையையும் குழாயையும் மட்டுமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணுவதற்கு அந்தக் கைகள் ஒரு பட்டியலில் இருக்கவும் இல்லை. மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் தேசிய அளவில் கவுன்சில் இருந்தது. 1953இலேயே பள்ளி தொடங்கிய பிசியோதெரபிக்குத் தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது 2021 மார்ச்சில். துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம். நடுவில் 68 வருடங்கள். இதனால் ஐசியூவில் இன்றும் பல இடங்களில் பிசியோதெரபிஸ்ட் என்பவர் பகல் நேரத்து விருந்தாளி. சளிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

இந்தச் சிகிச்சை எல்லோரையும் காப்பாற்றும் என்று சொல்ல வரவில்லை. எஸ்.பி.பி. 50 நாளுக்கு மேல் போராடி 2020 செப்டம்பர் 25 அன்று போய்விட்டார். பெரியப்பா 11 நாள் கழித்து வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்தார். ஆன்டிபயாடிக்கா, இயந்திரமா, அந்தப் பெண்ணின் கையா, பெரியப்பாவின் உடம்பா, எது காப்பாற்றியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குழாயை எடுத்த மறுநாள் அவர் சொந்தமாக ஒரு தடவை இருமினார். நர்ஸ் வந்து, "நல்லா இருமுங்க தாத்தா, இன்னும் நல்லா" என்றார். ஒருவர் இருமுவதைக் கேட்டு அத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கண்ணாடிக்கு உள்ளே இருக்க நேர்ந்தால் மானிட்டரில் ஓடும் எண்களை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தலைப்பக்கம் உயர்த்தியிருக்கா? எத்தனை மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டுறீங்க? சளி எப்படி இருக்கு, எப்ப எடுத்தீங்க? ராத்திரி யார் பார்ப்பாங்க? இந்த நான்கையும் கேளுங்கள். சண்டை போடுகிற மாதிரி கேட்க வேண்டாம். அந்த நர்சுக்கு இன்னும் ஐந்து கட்டில்கள் இருக்கும். அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.